ஸ்டீயரிங்குக்கு எண்ணெய்க் குளியல்

"அம்மிணி, கையில ஒட்டுதுங்க" என்றார் நாச்சிமுத்து.

"எது?"

"ஸ்டீயரிங்."

"எவ்வளவு நாளா?"

"அது ஆச்சுங்க, நாலஞ்சு வருசம். வண்டிக்கு வயசாயிடுச்சு. அதான்னு நெனைக்கறேன்."

பட்டறை நடத்தும் அமலோற்பவம் காரின் கதவைத் திறந்து, ஸ்டீயரிங் மேல் ஒரே ஒரு விரலை வைத்து எடுத்தார். கொஞ்சம் அடம்பிடித்துவிட்டுத்தான் விரல் வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து நாச்சிமுத்துவின் தலையைப் பார்த்தார்.

அறுபது தாண்டியும் ஒரு நரை இல்லாத தலை அது. வெயிலில் பளபளவென்று இருந்தது.

அமலோற்பவம் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

*

பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் நாச்சிமுத்து. தோப்பு அவருடையது, செக்கு அவருடையது, அதில் ஆட்டி எடுக்கிற எண்ணெயும் அவருடையது. அந்த எண்ணெயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வந்த விருந்தாளிக்குச் சோறு போட மறந்துவிடுவார்.

"தல எப்படிங்க இன்னும் நரைக்கலை?" என்று யாராவது கேட்டால் போதும். அவர் மோவாய் அரை அங்குலம் உயரும். மீசையை ஒரு தடவு தடவிக்கொள்வார்.

"எங்க தோப்பு எண்ணெய்ங்க" என்பார்.

மாட்டின் கொம்பு மின்னுகிறதா, எங்க தோப்பு எண்ணெய்ங்க. கதவு சத்தமில்லாமல் திறக்கிறதா, எங்க தோப்பு எண்ணெய்ங்க. தோல் செருப்பு மூன்று மழைக்குத் தாங்கியதா, அதற்கும் அதே பதில்தான்.

அவருடைய இன்னொரு பெருமை செவலை. அது மாடு இல்லை, கார். ஏதோ ஓர் எஸ்டேட்டில் கோழி அடைந்து கிடந்த பழைய வண்டி. அதைக் கொண்டுவந்து, இன்ஜினைப் பிரித்து, துருவைச் சுரண்டி, செவலைக் காளையின் நிறத்தில் பெயின்ட் அடித்து உயிர் கொடுத்தது அவர் கை. ஒரு போல்ட்டைக்கூட வேறு யாரும் முடுக்கியதில்லை. அதைச் சொல்லும்போதும் மோவாய் உயரும்.

கோயமுத்தூரில் பழைய வண்டிக்காரர்கள் சங்கம் ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மைதானத்தில் கூடுவார்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். வந்திருக்கிற சிறப்பு விருந்தினர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தானே ஓட்டி மைதானத்தைச் சுற்றி வருவார். அந்தச் சுற்று எந்த வண்டிக்குக் கிடைக்கிறதோ, அந்த வண்டிக்காரர் வீட்டில் அன்றைக்குப் பாயசம்.

போன வருஷம் அது செவலைக்குக் கிடைத்தது. விருந்தினர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா. வெள்ளைப் பருத்திச் சேலை கட்டி வந்திருந்தார்.

பாதிச் சுற்றிலேயே வண்டி நின்றது. அம்மா இறங்கினார். இறங்கும்போது, பெண்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, கொசுவத்தைப் பிடித்துச் சரிசெய்தார்.

வெள்ளைச் சேலையில் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

"என்னத்தப் போட்டு வச்சிருக்கீங்க நாச்சிமுத்து?" என்று மில் முதலாளி வெங்கிடபதி கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி கேட்டார். "பலாப்பழம் அறுத்த கை மாதிரி ஆகிப்போச்சே அம்மாவுக்கு."

மைதானமே சிரித்தது. அன்றிலிருந்து சங்கத்தில் செவலைக்குப் பலாப்பழம் என்று பெயராகிவிட்டது.

அவர் மனைவி சாமியாத்தாள் அன்றைக்கு ஊருக்குப் பஸ்ஸில் திரும்பினாள். "அடுத்த வருசம் என்னையக் கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மைதானத்தின் சிரிப்பைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். இதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

*

"சரி, வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார் அமலோற்பவம்.

"அது முடியாதுங்க."

"ஏனுங்க?"

"செவலையில வேற கை படக்கூடாது. நீங்க கத்துக் குடுங்க. நானே பண்ணிக்கறேன்."

ஈச்சனாரி தாண்டி இருந்த அந்தப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமலோற்பவம் சென்னையில் பிளாஸ்டிக் படிப்புப் படித்துவிட்டு வந்து, கார்களின் உள்வேலைக்கென்றே பட்டறை போட்டவர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்த வண்டிகள் வாசலில் காத்துக் கிடந்தன. கற்றுக்கொடுங்கள் என்று அங்கே யாரும் வந்து நின்றதில்லை.

"என் பட்டறையில இருந்து ஒட்டற ஸ்டீயரிங் ஒண்ணுகூட வெளிய போனதில்லைங்க ஐயா" என்றார் அமலோற்பவம். அவருக்கும் மோவாய் உண்டு. அதுவும் கொஞ்சம் உயர்ந்தது.

"அது தெரிஞ்சுதானுங்க வந்தேன்."

"நான் எதையும் விளக்க மாட்டேன். செய்யச் சொல்லுவேன்."

"சரிங்க மாஸ்டர்."

தன் மகளைவிடச் சின்னவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது அவருக்கே புதுசாக இருந்தது. வண்டியின் பின்பக்கம் போய் ஒரு டின்னை எடுத்து வந்தார்.

"வெறுங்கையோட வரக்கூடாது பாருங்க. எங்க தோப்பு எண்ணெய்ங்க."

மாஸ்டர் டின்னை வாங்கி அலமாரியில் வைத்தார். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் சோப்புக் கரைத்து, குழந்தைகளுக்குத் தலை சீவுகிற பிரஷ் மாதிரி மெத்தென்று இருந்த ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

"கழுவுங்க."

"அவ்வளவுதானுங்களா?"

மாஸ்டர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

நாச்சிமுத்து தேய்த்தார். துடைத்தார். மறுபடி தேய்த்தார். தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு வந்தது. மாற்றி ஊற்றினார். அதுவும் டிகாஷன். கடைசியில் தண்ணீர் தண்ணீராகவே நின்றபோது, ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போனதைப் பார்த்திருக்க வேண்டும். ஊர்க்காரர் அத்தனை பேருக்கும் ஹாரன்.

*

மறு வாரம் பட்டறை வாசலில் செவலை நின்றது.

"மாஸ்டர், ஒட்டுதுங்க."

மாஸ்டர் பேசினை எடுத்து வைத்தார்.

நாச்சிமுத்து இன்னொரு எண்ணெய் டின்னைக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து கழுவினார்.

அதற்கு அடுத்த வாரமும் வந்தார்.

"மறுபடி ஒட்டுதுங்க."

பேசின். பிரஷ். அலமாரியில் மூன்றாவது டின்.

"மாஸ்டர், சோப்ப மாத்திப் பாக்கலாங்களா?"

"ஐயா, சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பீங்களா?"

"இதென்னங்க கேள்வி? தப்பினதே இல்லை."

"எண்ணெய் தேய்ச்சதும் சீயக்காய் போட்டு முழுகுவீங்களா, இல்ல அப்படியே வேட்டியக் கட்டிட்டு வெளிய கெளம்பிடுவீங்களா?"

நாச்சிமுத்து யோசித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"புரிஞ்சு போச்சுங்க மாஸ்டர்."

அவருக்கு என்ன புரிந்தது என்பது சனிக்கிழமை தெரிந்தது.

*

சனிக்கிழமை காலையில் நாச்சிமுத்து வழக்கம்போல இடுப்பில் துண்டோடு வாசலில் வந்து நின்றார். கிண்ணத்தில் எண்ணெய். முதலில் உச்சந்தலைக்கு. அப்புறம் கை, கால், முதுகு. அப்புறம் செவலையின் கதவைத் திறந்து ஸ்டீயரிங்குக்கு. அந்த வண்டி வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமையிலிருந்து இப்படித்தான். தனக்குச் செய்வதைத் தன் வண்டிக்குச் செய்யாமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

"அதுக்கு எதுக்குங்க எண்ணெய்?" என்றாள் சாமியாத்தாள் வாசற்படியிலிருந்து.

இதையும் அவள் முதல் சனிக்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"இந்த வாரம் வேற முறை. மாஸ்டர் சொல்லியிருக்காங்க. பேசாம சீயக்காய்த் தூள எடுத்துட்டு வா."

சீயக்காய் வந்தது. ஸ்டீயரிங் முழுகியது. வண்டிக்குள் கல்யாண வீட்டுக் குளியலறை வாசம் அடித்தது. கழுவித் துடைத்த பிறகு தொட்டுப் பார்த்தால் வறவறவென்று இருந்தது. நாச்சிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. குளித்துத் தலை காய்ந்த பிறகு மனுஷன் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத்தானே தலை வாருகிறான்?

ஒரு சொட்டுத் தொட்டார். இரண்டு சொட்டு. பிறகு சொட்டாவது ஒன்றாவது, உள்ளங்கை நிறைய.

*

சங்கக் கூட்டத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. வெங்கிடபதி போன் போட்டு, "பலாப்பழம் வருதுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் காதில் வைத்துக்கொண்டே நாச்சிமுத்து பட்டறைக்கு வந்தார். கதவை அறைந்து சாத்தினார். செவலையின் கதவை அவர் அறைந்து சாத்தியது அதுதான் முதல் தடவை.

"மாஸ்டர், ஒண்ணு கேட்டுடறேன். உங்களுக்கு இந்த வேல தெரியுமா, தெரியாதா?"

பட்டறையில் வேலை நின்றது.

மாஸ்டர் அவரைப் பார்த்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

"கண்ணாடியக் கழட்டுங்க" என்றார்.

"எதுக்குங்க?"

"கழட்டுங்க."

நாச்சிமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். மாஸ்டர் அலமாரியிலிருந்து முதல் டின்னை எடுத்துத் திறந்தார். எண்ணெயை விரலில் தொட்டு, கண்ணாடியின் இரண்டு வில்லையிலும் உள்ளும் புறமும் தடவினார். அவசரமே இல்லை. ஓரம் விடாமல், மினுக்க மினுக்கத் தேய்த்தார். பிறகு அதை அவர் மூக்கின் மேல் தானே மாட்டிவிட்டார்.

"இப்பப் பாருங்க."

பட்டறை கரைந்துபோனது. வண்டிகள் கரைந்துபோயின. மாஸ்டரும் கலங்கிய நிழலாக நின்றார்.

"என்னங்க மாஸ்டர் இது? கண்ணாடிக்குப் போய் யாராவது எண்ணெய் தடவுவாங்களா?"

"ஏனுங்க, நல்ல எண்ணெய்தானுங்களே?"

"நல்ல எண்ணெய்தானுங்க. இதுக்கு மேல நல்ல எண்ணெய் ஏது? ஆனா அதப் போயி..."

பேச்சு அங்கே நின்றது.

அவர் மெதுவாகத் திரும்பி, செவலை நின்ற பக்கம் பார்த்தார். சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"அப்ப என் எண்ணெய்தான் கெடுத்துச்சுங்களா?" என்று கேட்டார். யாராவது அவர் பிள்ளையைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மாஸ்டர் அதே டின்னிலிருந்து உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றித் தன் உச்சந்தலையில் வைத்தார். பட்டறை நடுவில், அத்தனை பேர் முன்னால், இரண்டு கையாலும் சூடு பறக்கத் தேய்த்துக் கூந்தலை முடிந்துகொண்டார்.

"இந்த மாதிரி எண்ணெய் நான் பாத்ததில்லைங்க ஐயா" என்றார்.

நாச்சிமுத்து மூக்கை உறிஞ்சினார்.

"மொத நாளே சொல்லியிருக்கலாமுங்களே மாஸ்டர்."

"வீட்டுல யாரும் சொல்லலீங்களா?"

வாசற்படியில் நின்ற சாமியாத்தாள் அவர் நினைவுக்கு வந்தாள்.

"சொன்னா" என்றார்.

மாஸ்டர் பேசினை எடுத்து வைத்தார்.

*

முதலில் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை அவர் ஸ்டீயரிங்கைக் கழுவியது வேறு மாதிரி இருந்தது. பிரஷ் போகாத இடுக்கெல்லாம் போயிற்று. எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாகிப்போனது பாளம் பாளமாக வந்தது. அதற்கும் கீழே, எண்ணெய் குடித்து மெத்துப்போன மேல்தோல் இருந்தது. அதையும் உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து எடுக்கச் சொன்னார் மாஸ்டர். தோல் போனதும் மயிரிழை மாதிரி வெடிப்புகள் தெரிந்தன. மாஸ்டர் கொடுத்த பசையை அதில் திணித்து, காயவைத்து, மறுபடி தேய்த்தார். முழங்கை வலித்தது. வேட்டி கறுத்தது. நிறுத்தவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ஸ்டீயரிங் முழுசாக வெளியே வந்தது. கறுப்பு. மினுக்கம் இல்லாத, ஒரு சிராய்ப்புக்கூட இல்லாத வெறும் கறுப்பு.

அவர் கண்ணுக்கு அது ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிற ஆள் மாதிரித் தெரிந்தது.

"இப்ப இதுக்கு என்னத்தப் போடறதுங்க மாஸ்டர்?"

மாஸ்டர் தன் கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார்.

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். டப்பா இல்லை. ஸ்பான்ஜ் இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். பழைய கத்திக் கீறல் ஒன்று தவிர அந்தக் கையில் ஒன்றுமே இல்லை.

"என்னதுங்க?"

மாஸ்டர் அந்தக் கையாலேயே அவருக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு, கொச்சியிலிருந்து வந்த வண்டிக்குப் போய்விட்டார்.

*

சனிக்கிழமை வந்தது. துண்டு, கிண்ணம், எண்ணெய், வாசல்.

உச்சந்தலைக்கு ஆயிற்று. கை கால் முதுகுக்கு ஆயிற்று. செவலைப் பக்கம் போனார். கதவைத் திறந்தார். கை பரபரத்தது. பழகின கை, தானாகவே நீண்டது.

வாசற்படியில் சாமியாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை.

நாச்சிமுத்து கதவைச் சாத்தினார். மிச்ச எண்ணெயைக் கொண்டுபோய் மாட்டின் கொம்புக்குத் தடவினார்.

குளித்து, சீயக்காய் போட்டு முழுகி, கை ஈரத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். தோப்புக்குப் போனார். மறுநாள் செக்குக்குப் போனார். சந்தைக்குப் போனார், தேங்காய் வியாபாரி வீட்டுக்குப் போனார், வேலையே இல்லாமல் ஆனைமலை வரைக்கும் போய்வந்தார். அதுவரைக்கும் செவலை வாரத்துக்கு ஒருமுறை வெளியே வந்தாலே அதிகம். இப்போது தினமும் ஓடியது. நாளாக ஆக, அவர் இரண்டு கையும் பிடிக்கிற இடத்தில் மட்டும் ஸ்டீயரிங்கில் ஒரு மெல்லிய பளபளப்பு வந்திருந்தது. அதை எண்ணெய்ப் பளபளப்பு என்று அவராலேயே சொல்ல முடியாது.

கூட்டத்தன்று காலை அவர் தனியாகத்தான் கிளம்பினார். வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது முன்கதவு திறந்தது.

சாமியாத்தாள் ஏறி உட்கார்ந்தாள். மகள் கல்யாணத்துக்குக் கட்டிய சந்தன நிறப் பட்டைக் கட்டியிருந்தாள்.

"போலாங்க" என்றாள்.

அவர் ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டுக் கிளப்பினார்.

*

மைதானத்தில் அதே வரிசை. அதே நீதிபதி அம்மா. அதே மாதிரி ஒரு வெள்ளைச் சேலை.

"போன தடவ என் சேலையக் கெடுத்த வண்டி எது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் அம்மா.

கூட்டம் சிரித்துக்கொண்டே கை காட்டியது.

"அது வேண்டாமுங்கம்மா" என்றார் வெங்கிடபதி. "அது பலாப்பழமுங்க. வேற வண்டி பாக்கலாம்."

"பாதிக் கேஸ்ல எழுந்து போற பழக்கம் எனக்கு இல்லைங்க" என்றார் அம்மா. "மிச்சச் சுத்த முடிக்கணும். சாவியக் குடுங்க."

நாச்சிமுத்து சாவியைக் கொடுத்தார்.

செவலை நகர்ந்தது. போன வருஷம் நின்ற இடத்துக்கு வந்தது. நிற்கவில்லை. வேப்பமரத்தைத் தாண்டியது, பந்தலைத் தாண்டியது. நாச்சிமுத்துவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது.

அம்மா யாரிடமோ கியரைப் பற்றிப் பேசிக்கொண்டே இறங்கினார். பேச்சு சுவாரசியத்தில், பெண்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, இரண்டு கையாலும் கொசுவத்தை அள்ளிப் பிடித்து, உதறி, விட்டார்.

கொசுவம் வெளுத்து வந்த மாதிரியே இருந்தது. அம்மா அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

சாமியாத்தாள் பார்த்தாள். பட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செவலையின் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றாள்.

வெங்கிடபதி வண்டிக்குள் தலையை விட்டார். ஸ்டீயரிங்கை ஒரு கையால் தேய்த்துக் கையைப் பார்த்தார். இன்னொரு கையால் தேய்த்து அதையும் பார்த்தார். கடைசியில் தன் வெள்ளைச் சட்டையிலேயே துடைத்துப் பார்த்தார்.

சட்டையும் வெள்ளையாகவே இருந்தது. நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"என்னத்தப் போட்டீங்க நாச்சிமுத்து?"

நாச்சிமுத்துவின் மோவாய் அரை அங்குலம் உயர்ந்தது. மீசையை ஒரு தடவு தடவிக்கொண்டார்.

"ஒண்ணும் போடலீங்க" என்றார்.